ஏறுற வேகம் என்ன, அண்ணாச்சி?

2022 மே மாதம், ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஆறே முக்கால் மணி. புன்னக்காயலில் என் ஸ்டூடியோ வாசலில் ஒரு கார் ஹாரன் அடித்தபடி நின்றது. உள்ளே புது மாப்பிள்ளை. கப்பல் வேலை. கல்யாணம் முடிந்து பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. அன்று இரவு தூத்துக்குடியில் முத்துநகர் எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னை, அங்கிருந்து சிங்கப்பூர், அங்கே கப்பல். கல்யாண வீடியோவைக் கையோடு கொண்டுபோயே தீருவேன் என்று ஒரே பிடியாக இருந்தார். அவருடைய அம்மா மட்டும் இறங்கி வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, இன்னுமா ஏறல?"

"ஏறிக்கிட்டேதான் இருக்குக்கா."

மத்தியானம் இரண்டரை மணிக்கு ஏற்றத் தொடங்கியது அது. மூன்று கேமராவில் எடுத்த வீடியோவும் போட்டோவும் சேர்த்து 220 ஜி.பி. பென்டிரைவ் 256 ஜி.பி. (கம்ப்யூட்டரில் போட்டால் 238 என்றுதான் காட்டும். கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது. அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.) திரையில் "இன்னும் 40 நிமிடம்" என்று வந்தது. வெளியே மறுபடி ஹாரன். நான் காப்பியை நிறுத்தி, பென்டிரைவைப் பிடுங்கி அந்த அக்காள் கையில் கொடுத்தேன்.

விண்டோஸ் ஆங்கில அகரவரிசையில் ஏற்றியிருந்தது. சர்ச், ஹோம், போட்டோ எல்லாம் ஏறிவிட்டன. ஆர் எழுத்தில் தொடங்கும் ரிசப்ஷன் ஏறவில்லை. அந்த மாப்பிள்ளை கப்பலில் மாதக்கணக்கில் போட்டுப் போட்டுப் பார்த்த கல்யாணத்தில் வரவேற்பே நடக்கவில்லை. இன்றைக்கும் தெருவில் என்னைப் பார்த்தால், "அண்ணே, நம்ம கல்யாணத்துல பிரியாணி உண்டா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

அந்தப் பென்டிரைவை நான் 1,350 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். தூத்துக்குடிக் கடையில் அதே 256 ஜி.பி.யில் 3,900 ரூபாய்க்கு இன்னொன்றும் இருந்தது. இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு, "ரெண்டும் 3.0தான் அண்ணாச்சி, எதுக்குக் கூடக் கொடுக்கீங்க?" என்றார் கடைக்காரத் தம்பி. அவர் சொன்னதில் பொய் இல்லை. மலிவானதன் அட்டையில் "வினாடிக்கு 130 எம்.பி. வரை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 2,550 ரூபாய் மிச்சம். அந்தத் திருப்தியில் ஒன்றுக்கு ஐந்தாக வாங்கிக்கொண்டு பழையகாயல், முக்காணி, ஆத்தூர் வழியாக பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன்.

அந்த 130 படிக்கும் வேகம். அதாவது பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதை வெளியே எடுக்கும் வேகம். உள்ளே ஏற்றும் வேகம் எவ்வளவு என்று அட்டையின் முன்பக்கத்திலும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை. ஏற்றிப் பார்த்தபோது முதல் இரண்டு நிமிடம் 90 காட்டியது. பத்து ஜி.பி. தாண்டியதும் 12-க்கு இறங்கி, பிறகு கடைசிவரை 12-லேயே நின்றது.

அது ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. தெரிந்தபிறகு பார்த்தால், எங்கள் ஊரில் மீன் இறக்குகிற எவருக்கும் அரை நிமிடத்தில் விளங்குகிற விஷயம்தான்.

வள்ளம் கரைக்கு வந்ததும் மீனை வாரி மணலில் கொட்டுவது சுலபம், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதைப் பெரியது சிறியது, இந்தச் சாதி அந்தச் சாதி என்று பிரித்துக் கூடை கூடையாகப் போடுவதில்தான் நேரம் போகும். இரண்டே கூடை என்றால் சின்னப் பிள்ளையும் பிரித்துப்போடும். பதினாறு கூடை என்றால் ஒவ்வொரு மீனையும் எடுத்துப் பார்த்துத்தான் போட வேண்டும். பென்டிரைவுக்குள் இருக்கும் நினைவகத்தில் குட்டிக் குட்டி அறைகள். ஒவ்வொரு அறையிலும் மின்னூட்டத்தை அடைத்து வைப்பதுதான் "எழுதுவது". ஓர் அறையில் ஒரே ஒரு பிட் வைத்தால் இரண்டு அளவுதான், உண்டு அல்லது இல்லை. விலையைக் குறைக்க ஒரே அறையில் மூன்று பிட், நான்கு பிட் என்று திணிக்கிறார்கள். மூன்று பிட்டுக்கு எட்டு அளவு, நான்கு பிட்டுக்குப் பதினாறு அளவு. அதே சில்லில் கூடுதல் சரக்கு கொள்ளும், ஆகவே ஜி.பி.க்கு விலை குறையும். ஆனால் பதினாறு அளவில் சரியான ஒன்றில் நிறுத்த, கொஞ்சம் ஊட்டி, சரிபார்த்து, மறுபடி கொஞ்சம் ஊட்டி என்று நிதானமாகப் போக வேண்டும்.

முதல் இரண்டு நிமிட வேகம் மணலில் கொட்டுகிற வேகம். சில அறைகளை ஒற்றைப் பிட்டாக வைத்துக்கொண்டு வருவதை அப்படியே அதில் கொட்டுகிறது. மணல் நிரம்பிவிட்டால், பிரித்து எடுத்து இடம் காலியாகக் காலியாகத்தான் அடுத்த கூடை இறங்கும். விலை கூடிய பென்டிரைவில் கொட்டுகிற மணலும் பெரிது, பிரிக்கிற ஆளும் அதிகம். மலிவில் ஒரே ஒரு ஆள், தனியாக உட்கார்ந்து பதினாறு கூடைக்குப் பிரித்துக்கொண்டிருக்கிறான். அவனைத் திட்டி என்ன பயன்?

இன்னொரு இடத்திலும் வேகம் சிக்கும். எங்கள் வள்ளங்கள் ஆற்றுக்குள் கிடப்பவை. தாமிரபரணி கடலில் சேரும் முகத்துவாரத்தைத் தாண்டித்தான் போக வர வேண்டும். மணல் மேடிட்டுக் கிடக்கும் நாளில் எத்தனை குதிரைசக்தி மோட்டார் மாட்டியிருந்தாலும் தண்ணீர் ஏறும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகும் ஓட்டை அந்த மாதிரி ஒரு முகத்துவாரம். 2000-ஆம் ஆண்டில் வந்த யு.எஸ்.பி. 2.0 ஓட்டையில் ஏட்டுக் கணக்குப்படி வினாடிக்கு 60 எம்.பி., நடைமுறையில் முப்பது நாற்பதுக்கு மேல் போகாது. 2008-இல் வந்த 3.0 ஏட்டுக் கணக்கில் அதைப்போல் பத்து மடங்கு. பெரும்பாலும் உள்ளே நீலப் பிளாஸ்டிக் தெரியும். 3,900 ரூபாய் பென்டிரைவை வாங்கிப் பழைய கறுப்பு ஓட்டையில் செருகுகிறவர், பெரிய மோட்டாரை வாங்கி மாட்டிவிட்டு மணல்மேட்டில் நிற்கிறவர். போதாக்குறைக்கு 3.0 என்ற பெயரையே 3.1 ஜென் 1 என்று மாற்றி, பிறகு 3.2 ஜென் 1 என்றும் மாற்றிவிட்டார்கள். மூன்றும் ஒரே சாமான்தான். எண் கூடியதைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது விலைக்கு வருகிறேன்.

பெரிய பென்டிரைவ் வாங்கும்போது நாம் எல்லாரும் போடுகிற கணக்கு, ஜி.பி. ஒன்றுக்கு எத்தனை ரூபாய் என்பது. என்னுடைய மலிவுச் சாமானில் ஜி.பி.க்கு ஐந்தே கால் ரூபாய், விலை கூடியதில் பதினைந்து ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இந்தக் கணக்கில் மலிவுதான் எப்போதும் ஜெயிக்கும். ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது, யாரும் போடுவதில்லை: காலியான பென்டிரைவ் முழுதாக நிரம்ப எத்தனை நேரம்? வினாடிக்கு 12 எம்.பி. என்றால் 16 ஜி.பி. பென்டிரைவ் இருபத்திரண்டு நிமிடத்தில் நிரம்பிவிடும். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், யாருக்கும் கோபம் வராது. அதே வேகத்தில் 256 ஜி.பி. நிரம்ப ஏறக்குறைய ஆறு மணி நேரம். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று 2000-ஆம் ஆண்டில் முதன்முதலாக விற்ற பென்டிரைவின் கொள்ளளவு 8 எம்.பி. இன்றைய எங்கள் கேமராவின் ஒரு போட்டோகூட அதில் அடங்குவது சந்தேகம். அது எவ்வளவு மெதுவாக இருந்தாலும் சில நொடிகளில் நிரம்பியிருக்கும். கால் நூற்றாண்டில் பென்டிரைவின் வயிறு முப்பதாயிரம் மடங்கு பெருத்துவிட்டது. மலிவுச் சாமானின் வாய் மட்டும் பெரிதாக விரியவில்லை. அதனால் நான் சொல்வது இதுதான்: சின்ன பென்டிரைவை விலை பார்த்து வாங்குங்கள், பெரிய பென்டிரைவை ஏறும் வேகம் பார்த்து வாங்குங்கள். பெரிதும் மெதுவுமாக இருக்கும் சாமான் மலிவானது போலத் தெரியும், உண்மையில் கடையிலேயே மோசமான சரக்கு அதுதான்.

இதற்கு ஊரில் எனக்கு வரும் முதல் மறுப்பு, "இப்ப எவம்ல பென்டிரைவ் வாங்குறான், நெட்டுலயே அனுப்பிரலாமே" என்பது. அனுப்பிப் பார்த்தேன். எங்கள் ஊரில் எனக்குக் கிடைக்கும் ஏற்று வேகத்தில் 40 ஜி.பி. போய்ச் சேர ஒன்பது மணி நேரம். 2009 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. இணைய வேகத்தால் வெறுத்துப்போன ஒரு நிறுவனம், வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 ஜி.பி. மெமரி கார்டைக் கட்டி, ஹோவிக் என்ற ஊரிலிருந்து டர்பன் பக்கம் 80 கிலோமீட்டருக்குப் பறக்கவிட்டது. அதே நேரத்தில் அதே கோப்புகளை இணையத்திலும் அனுப்பினார்கள். புறா வந்து, கார்டைக் கழற்றி, கம்ப்யூட்டரில் இறக்கி முடித்தபோது மொத்தம் 2 மணி 7 நிமிடம். இணையத்தில் அதற்குள் போயிருந்தது 4 சதவீதம். உலகமே சிரித்தது. எனக்கு அந்தச் செய்தியில் வேறொரு எண் கண்ணில் பட்டது. புறா பறந்தது 1 மணி 8 நிமிடம்தான். மிச்சமிருந்த ஏறக்குறைய ஒரு மணி நேரமும் கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கப் போன நேரம். புறா தன் வேலையை முடித்துவிட்டு, யு.எஸ்.பி.க்காகக் காத்திருந்திருக்கிறது.

காப்பி எடுப்பதற்கும் எங்கள் ஊருக்கும் பழைய உறவு உண்டு. போர்ச்சுகலிலிருந்து வந்து இந்த முத்துக்குளித்துறைக் கரையில் வாழ்ந்து தமிழ் படித்த அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. மொத்தம் 16 பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம். அவருடைய 'அடியார் வரலாறு' எங்கள் ஊரிலேயே அச்சானது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஈய எழுத்து வார்ப்பதற்குச் செலவும் மெனக்கேடும் முன்கூட்டியே ஆகும். ஓலையும் எழுத்தாணியும் அந்தக் கணக்கில் ரொம்ப மலிவு. ஒரு பிரதி மட்டும் வேண்டும் என்றால் ஓலைதான் லாபம், நூறு பிரதி வேண்டும் என்றால் ஓலையைத் தொடக்கூடாது. வேகத்துக்குக் கொடுக்கும் காசு ஒரே தடவைச் செலவு, காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு தடவையும் செலவு. இதை அன்றைக்கே கணக்குப் போட்டவர்கள் நடமாடிய ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் நான் 2,550 ரூபாயை மிச்சம் பிடித்தேன்.

ரிசப்ஷன் போனபிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லேட்டாக ஏற்றத் தொடங்கியது என் தப்பு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாங்கிய ஐந்தில் மிச்சம் இரண்டு பெட்டியிலேயே கிடந்தன.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய மழையை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மலையில் பெய்தது, நெல்லையில் பெய்தது, ஏரலில் பெய்தது என்று எல்லாத் தண்ணீரும் கடைசியில் எங்கள் ஊர் ஓரமாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். சாயங்காலமே தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. கரன்ட் வருவதும் போவதுமாக இருந்தது. ஸ்டூடியோ தரைத்தளத்தில். கம்ப்யூட்டருக்குள் இருந்த ஹார்ட் டிஸ்கில் அந்த வருஷத்துக் கல்யாணங்கள், புதுநன்மை, திருவிழாச் சப்பரம், இரண்டு அடக்கம், எல்லாம் 310 ஜி.பி. வேறு காப்பி கிடையாது. ஏன் கிடையாது என்று கேட்கிறீர்களா? ஒவ்வொரு தடவை காப்பி எடுக்க நினைக்கும்போதும் "அஞ்சு மணி நேரம் ஆகுமே, நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்று தள்ளிப்போட்டதுதான் காரணம். மெதுவான பென்டிரைவ் செய்கிற பெரிய கெடுதல், என் அனுபவத்தில், இதுதான். அது நேரத்தை மட்டும் தின்பதில்லை. காப்பி எடுக்கும் பழக்கத்தையே தின்றுவிடும்.

பெட்டியில் கிடந்த மலிவு பென்டிரைவை எடுத்துச் செருகினேன். 310-இல் முக்கியமானதையாவது ஏற்றிவிடலாம் என்று நினைப்பு. ஏற்றத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் கரன்ட் மொத்தமாகப் போனது. யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அது தாங்கியதையும் சேர்த்து எனக்குக் கிடைத்தது இருபது நிமிடம். இருபது நிமிடத்தில் ஏறியது 23 ஜி.பி. அதில் கடைசிக் கோப்பு பாதியில் அறுந்து, பிறகு திறக்கவே இல்லை. அந்த 3,900 ரூபாய் சாமான் இருந்திருந்தால் என் ஹார்ட் டிஸ்க் கொடுக்கக்கூடிய வேகம் முழுவதையும் வாங்கியிருக்கும், வினாடிக்கு 140 எம்.பி. சுமார். அதே இருபது நிமிடத்தில் 168 ஜி.பி.

கடைசியில் என்ன செய்தேன்? கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, என் வீட்டுக்காரி செல்போன் டார்ச் அடிக்க, கம்ப்யூட்டரின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி ஹார்ட் டிஸ்கையே உருவி எடுத்தேன். பாலிதீன் பையில் சுற்றி, அரிசிச் சாக்குக்குள் வைத்து, எதிர்வீட்டு மாமா மாடியில் கொண்டுபோய் வைத்தோம். அதற்கு ஆன நேரம் நான்கு நிமிடம். அன்றைக்கு என்னிடம் இருந்த சாதனங்களில் அதிவேகமாக டேட்டாவை இடம் மாற்றியது ஸ்க்ரூடிரைவர்தான். அடுத்த நாள் ஊருக்கு வரும் சாலை தண்ணீருக்குள் போய், புன்னக்காயல் தனித்தீவாக நின்றது. டிஸ்க் பிழைத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் பிழைக்கவில்லை.

ஜனவரியில் போய் அந்த 3,900 ரூபாய் சாமானையே வாங்கினேன். விலை கூடியதுதான் எல்லாருக்கும் வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நான் கடைக்காரருக்குப் பரிந்துபேசுகிறவன் ஆகிவிடுவேன். வள்ளத்தில் ஸ்பீக்கர் செட்டில் பாட்டுக் கேட்க 32 ஜி.பி., 2.0 போதும். நல்ல தரமான எம்.பி.3 பாட்டுக்கூட வினாடிக்கு 40 கே.பி.தான் கேட்கும். டி.வி.யில் படம் பார்க்கிறவருக்கும் படிக்கும் வேகம் மலிவிலேயே தாராளமாகக் கிடைத்துவிடும். ஒரே ஒரு தடவை ஏற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டப்போகிறீர்களா, இரவு படுக்கப்போகும்போது காப்பியைப் போட்டுவிட்டுத் தூங்குங்கள், காலையில் முடிந்திருக்கும். இப்போது கல்யாண வீட்டாருக்கு நான் கொடுப்பதும் மலிவு பென்டிரைவ்தான். எடிட் செய்த 60 ஜி.பி.யை முந்தின இரவே ஏற்றிவிடுகிறேன். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், யாரும் வாசலில் ஹாரன் அடிப்பதில்லை. ஆனால் வாரத்துக்கு நாலு தடவை ஏற்றி அழிக்கிறவர், அவசரத்துக்குக் காப்பி எடுக்கிறவர், பக்கத்தில் ஆள் காத்து நிற்க ஏற்றுகிறவர், இவர்கள் மலிவை வாங்கினால் நஷ்டம் அவர்களுக்குத்தான். 512 ஜி.பி., ஒரு டி.பி. என்று யோசிக்கிறவர்கள் பென்டிரைவை விட்டுவிட்டு, கையடக்க எஸ்.எஸ்.டி.யின் விலையையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். உள்ளே பிரிக்கிற ஆட்கள் அதில் அதிகம்.

ஐந்நூறு ரூபாய்க்கு 2 டி.பி. பென்டிரைவ் என்று ஆன்லைனில் வருவதைப் பற்றி ஒரே வார்த்தை: திருட்டு. உள்ளே 32-ஓ 64-ஓ ஜி.பி. சில்லை வைத்து, 2 டி.பி. என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்ல வைத்திருப்பார்கள். இடம் தீர்ந்தபின் ஏற்றுவதெல்லாம் காற்றில் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. எந்தப் பென்டிரைவ் வாங்கினாலும் முதல் நாள் அதைப் போட்டு முழுதாக எழுதிப் படிக்கவிடுங்கள். கொள்ளளவு உண்மையா என்றும் தெரியும், மணல் நிரம்பியபின் உண்மையான வேகம் என்ன என்றும் தெரிந்துவிடும். பொட்டலத்தைப் பிரித்த மறுநாளே திருப்பிக் கொடுக்கப் போவது ஆறு மாதம் கழித்துப் போவதைவிட எளிது.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். என் கேமராவுக்குள் போடும் மெமரி கார்டைப் பாருங்கள். அதன் மேல் வி30 என்று போட்டிருக்கும். வினாடிக்குக் குறைந்தபட்சம் 30 எம்.பி. இடைவிடாமல் எழுதும் என்று அதற்கு அர்த்தம். வட்டத்துக்குள் 10 என்று இருந்தால் குறைந்தபட்சம் 10 எம்.பி. "வரை" என்ற நழுவல் கிடையாது, குறைந்தபட்சம் என்ற உறுதி. கார்டு செய்கிறவர்கள் கூடி இந்த அளவுகோலை வகுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கார்டும் பென்டிரைவும் ஒரே வகைச் சில்லில் ஆனவை, பல சமயம் ஒரே கம்பெனி செய்தவை. கார்டுக்குச் சொல்ல முடிகிற எழுதும் வேகத்தைப் பென்டிரைவுக்கு ஏன் சொல்ல முடியாது? நான் பார்த்த ஓர் அட்டையில் பொடி எழுத்தில், சாதாரண 2.0 பென்டிரைவைவிடப் பதினைந்து மடங்கு வேகம் என்று போட்டு, அந்தச் சாதாரணம் என்பது வினாடிக்கு 4 எம்.பி. என்று இன்னும் பொடியாகப் போட்டிருந்தார்கள். பதினைந்தை நாலால் பெருக்கினால் அறுபது. அதற்கு முன்னாலும் ஒரு "வரை". அறுபது என்று எழுத அவர்களுக்கு மனசு வரவில்லை, பெருக்கல் வாய்ப்பாட்டை என்னிடம் விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டில் பொட்டலமிட்ட சரக்குகளுக்கு 2011-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம், அதிகபட்ச விலை, யார் செய்தது, எங்கே புகார் சொல்வது எல்லாம் அச்சிட்டே ஆக வேண்டும். பிரிட்ஜிலும் ஏ.சி.யிலும் மின்சாரம் எவ்வளவு தின்னும் என்று நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் கூடக் காசு கொடுத்து நல்லதை வாங்கப் பழகினார்கள். பென்டிரைவ் அட்டையிலும் ஒரே ஒரு வரி போதும்: கொள்ளளவில் பாதி நிரம்பியபின் குறைந்தபட்சம் எழுதும் வேகம் இவ்வளவு. கம்பெனிக்காரர்களுக்கு அது தெரியாத எண் இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை கேட்டால் ஒரு மாதத்தில் அச்சாகிவிடும். நுகர்வோர் அமைப்புகள் கேட்க வேண்டும், கடைக்காரர்களும் கேட்க வேண்டும், ஏனென்றால் திட்டு வாங்குகிறவர்கள் அவர்கள்தான். அதுவரை நீங்கள் கடையில் நின்று, "ஏறுற வேகம் என்ன, அண்ணாச்சி?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காவது அவர் விசாரித்து வைத்திருப்பார்.

வெள்ளத்தன்று 23 ஜி.பி. ஏற்றிய அந்த மலிவு பென்டிரைவ் இன்னும் கெடவில்லை. அதை அழித்து, பழைய செட்டுக்கும் புரியும்படி எஃப்.ஏ.டி.32-க்கு மாற்றி, 6 ஜி.பி. பாட்டு ஏற்றி என் மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் வள்ளத்தில் தினமும் பாடுகிறது. அந்த வேலைக்கு அது நல்ல சாமான்.